தம்பூராத் தந்தியில் ஓடிய ஜீப்

ராணுவத்தார் வேண்டாம் என்று தள்ளி ஏலம் விட்ட ஜீப் ஒன்றை நான் வாங்கி வந்தபோது அதற்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாம் பானிபட் யுத்தத்தில் ஓடிய வண்டி என்று நான் சொன்னேன். எங்கள் காலனி இருந்த குஷாய்குடாவில் பாதிப் பேர் சொன்னவுடனே நம்பினார்கள். மீதிப் பேர் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு நம்பினார்கள்.

நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் என்று பெயர். சில நாள் ஒரு சக்கரத்துக்கும் போகாது. அதைக் கிளப்பினால் தெருவிலுள்ள எல்லா ரேடியோவும் கரகரவென்று இரும ஆரம்பிக்கும். பழைய இன்ஜின்களில் பிளக் பொறி தட்டும்போதெல்லாம் ரேடியோவில் அது வந்து விழும். செய்தி நேரத்தில் நான் வண்டி எடுத்தால் காலனியே ஜன்னல் வழியாக என்னைத் திட்டும்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் நாலு சக்கர ஓட்டத்துக்கென்று ஒரு குட்டை லீவர் உண்டு. மேட்டில் ஏறும்போது அது ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளி வெளியே வந்துவிடும். அதை இடது காலால் அழுத்திப் பிடிக்கும் உத்தியோகம் என் மனைவி ஜலஜாவுக்கு. மௌலாலிப் பாறைகளின் ஓரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். காலால் லீவரைப் பிடித்தபடி அவள் வர்ணம் பாடிக்கொண்டு வருவாள். வீட்டில் அவள் சாதகம் பண்ணுவது விடியற்காலையில், நான் குறட்டையில் இருக்கும்போது. ஆக எனக்கு அவள் பாட்டு கிடைத்ததெல்லாம் ஜீப்பில்தான். ஜீப்பிலோ ஓர் அட்சரம் காதில் விழாது. உதடு அசைவதைப் பார்த்து, ஒரு உத்தேசமாக, "பேஷ்!" என்பேன்.

இந்தப் பெண்மணியை ரேடியோ ஸ்டேஷனில் மூன்று தடவை ஆடிஷனில் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை எடுத்துக்கொண்டார்கள். எழுபத்து நாலாம் வருஷம் சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நேரடி ஒலிபரப்பு, அரை மணி. நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் ஷெனாய் இசைத்தட்டு ஓடும். ஜலஜாவை அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். ஸ்டேஷனோ ஊரின் மறுகோடியில் சைஃபாபாதில். குஷாய்குடாவில் அந்த நாளில் ஆட்டோவைக் காண்பது வால் நட்சத்திரத்தைக் காண்பது மாதிரி. தசரா பஸ்ஸில் மனுஷனே ஜன்னல் வழியாகத்தான் ஏறவேண்டும், தம்பூரா எங்கே ஏறும்? அதனால் ஜீப்.

"ஏன்னா, இது கிளம்புமோ?" என்று ஒரு வாரமாக ஜலஜா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்புமாவா? ஸ்டேஷனைத் தாண்டி பம்பாய்க்கே போயிடாம நான் பிடிச்சு நிறுத்தணும், பாரு!" என்றேன்.

முதல் நாள் வண்டியைப் பூஜைக்குத் தயார் செய்தோம். செய்தோம் என்றால் நானும் பக்கத்து வீட்டு பத்ரிநாராயணனும். எங்கள் மின்னணு ஆலையில் நான் கருவிகள் வடிவமைக்கும் பிரிவு, பத்ரி இன்ஸ்பெக்ஷன். அவன் கண்ணில் ஒரு பொருள் தேறுவது வைகுண்டத்தில் இடம் கிடைப்பதைவிடக் கஷ்டம். தன் கல்யாணத்திலேயே தாலியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினான் என்று நான் ஊர் பூராவும் சொல்லியிருக்கிறேன்.

"மேலாக்கப் பூசற பெயின்ட் என்ன பெயின்ட்?" என்றான். "ஆலையில எப்படிப் பண்றோம்? ஒவ்வொரு பாகத்தையும் கழட்டணும். தேய்க்கணும். ரெண்டு கோட்டு அடிச்சுக் காயவெச்சு, அப்புறம்தான் பூட்டணும்."

அப்படியே செய்தோம். கைக்குக் கிடைத்த பட்டை, பிராக்கெட், போல்ட்டு எல்லாவற்றையும் கழற்றி, அவை உட்காரும் இடத்தையும் விடாமல், பச்சைப் பெயின்ட் இரண்டு கோட்டு. பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, விடிந்ததும் பூட்டி மாலை போட்டபோது வண்டி புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கிளப்பிப் பார்க்கலாம் என்றேன். "பூஜை முடியறதுக்குள்ள வண்டியை யாராவது கிளப்புவாளா?" என்றாள் பத்ரியின் அம்மா அபயாம்பாள் மாமி. ஸ்பானர், திருப்புளி, சுத்தியல், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி எல்லாம் மாமியின் பூஜை அறைக்குப் போய்ச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தன. சரஸ்வதி பூஜை அன்று வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்கலாம். இந்தச் சட்டத்துக்கு மாமிதான் ஹைகோர்ட்.

தம்பூராவும் பூஜையில்தான் இருந்தது. அதற்கும் அதைச் சுமக்கும் ஜீப்புக்கும் மட்டும் மாமி விலக்கு கொடுத்தாள்.

"சரஸ்வதி பாடறதுக்குன்னு கேட்டா நான் யாரு தடுக்க? எடுத்துண்டு போ, ஜலஜா. பேஷாப் பாடிட்டு வா."

பட்டுப் புடவையில் ஜலஜா ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பத்ரி தம்பூராவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் சாய்த்துக்கொண்டான். நான் காலால் ஸ்டார்ட்டரை மிதித்தேன்.

டிக்.

மறுபடி மிதித்தேன். டிக். அவ்வளவுதான்.

"கார்புரேட்டர்!" என்றேன். எது கெட்டாலும் முதலில் கார்புரேட்டரைத் திட்டுவது என் வழக்கம்.

"இன்ஜினே சுத்தலை, கார்புரேட்டர் என்னடா பண்ணும்?" என்றான் பத்ரி. "லைட்டைப் போடு."

போட்டேன். முன் விளக்கு இரண்டும் தூக்கக் கலக்கத்தில் கண் திறந்த மாதிரிச் சிவப்பாக எரிந்தன. ஸ்டார்ட்டரை மிதித்ததும் அதுவும் மூடிக்கொண்டது.

"பேட்டரி காலி."

"ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏத்தின பேட்டரிடா!"

"அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார். கழட்டிப் பார்த்துடலாம். ஸ்பானர் எடுத்துண்டு வரேன்" என்று தம்பூராவோடு எழுந்தான்.

மாமி பூஜை அறைக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கேடா வரே?"

"ஒரே ஒரு ஸ்பானர்மா. தம்பூராவை மட்டும் குடுத்தியே!"

"தம்பூரா பாடும். உன் ஸ்பானர் பாடுமா? பாடச் சொல்லு, குடுக்கறேன்."

பத்ரி தம்பூராவோடேயே திரும்பி வந்தான். ஜலஜா ஜீப்பிலேயே, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சும்மா இருக்க முடியாமல் ஹார்னை அழுத்தினேன். அது 'ம்மே' என்றது.

ஜலஜா சட்டென்று திரும்பினாள். "இன்னொரு தடவை அடிங்கோ."

அடித்தேன்.

"எப்பவும் நம்ம ஹார்ன் என் பஞ்சமத்துல நிக்கும். இன்னிக்குக் காந்தாரத்துல கிடக்கு. தொண்டை கட்டினாப்பல இருக்கே?"

பத்ரி நின்றான். "சுருதி இறங்கறதா? அப்போ வோல்டேஜ் இறங்கறது. லைட்டும் மங்கல், ஹார்னும் மங்கல், ஸ்டார்ட்டரும் படுத்துடுத்து. எல்லாம் ஒரே சமயத்துல கெடுமா? எல்லாத்துக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு..." என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தவன், முகம் வெளுத்துப் போனான். பேட்டரியிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் செம்புப் பட்டையைக் காட்டினான்.

இந்த ரகசியத்தைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ளலாம். மின்சாரம் விளக்குக்கும் மோட்டாருக்கும் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. அந்த உடம்பையும் பேட்டரியையும் சேர்ப்பது இந்த ஒரு பட்டைதான். எர்த் என்பார்கள். இரும்பும் செம்பும் வெறும் உடம்போடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்த இடத்தில், இந்தியா முழுவதும் எந்த மெக்கானிக்கும் செய்யாத காரியமாக, ஆலைத் தரத்தில் இரண்டு கோட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்து, காயவைத்து, பூட்டியிருந்தோம். போன மின்சாரம் வீடு திரும்ப வழியில்லாமல் தெருவில் நின்றது.

"உன் இன்ஸ்பெக்ஷன்ல இது பாஸாடா?" என்றேன்.

"பெயின்ட் பாஸ்தான். வண்டி ஃபெயில்."

பட்டையைக் கழற்றிச் சுரண்டினால் தீர்ந்தது. ஆனால் பத்ரி முடுக்கிய போல்ட்டைக் கையால் அவிழ்க்க நரசிம்மாவதாரம்தான் வரவேண்டும். பட்டைக்குப் பதிலாகப் பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வேறு ஒரு கம்பி இழுக்கலாம். காலனியில் கம்பி என்று ஒன்று இருந்தால் அது மாமியின் பூஜை அறையில் குங்குமத்தோடு இருந்தது.

ஜலஜா தம்பூரா உறையின் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதச் சுருளை எடுத்தாள். மாற்றுத் தந்திகள். மூன்று எஃகு, ஒரு பித்தளை.

"இது கம்பிதானே? தம்பூராவோட வந்தது. மாமி விலக்குக் குடுத்தாச்சு."

"நன்னாயிருக்கு!" என்றேன். "நடுக் கச்சேரியில தந்தி அறுந்தா மாத்தறதுக்கு?"

"அறுந்தா மூணு தந்தியில பாடறேன். போகவே முடியலேன்னா நாலு எதுக்கு?"

காலனியில் எந்த வீட்டுக் காலண்டரிலும் இல்லாத ஒரு சாமியைக் கும்பிட்டுவிட்டு நாலு தந்தியையும் முறுக்கி ஒன்றாக்கினேன். ஒரு நுனியைப் பேட்டரியின் கறுப்பு முனையில் சுற்றினேன். மறு நுனிக்கு இன்ஜினில் பெயின்ட் படாத இடம் வேண்டுமே! எங்கள் வேலைத்திறமை அப்படி. கடைசியில் ஸ்பார்க் பிளக்கின் இரும்பு இடுப்பு ஒன்று மட்டும் வெறுமையாகக் கிடைத்தது. அதற்கு ஒட்டியாணமாகக் கட்டினேன்.

இந்த மெல்லிசுத் தந்தி ஸ்டார்ட்டரைத் தாங்காது, எரிந்துவிடும். பிளக்கில் பொறி தட்ட மட்டும் போதும். ஆகவே தள்ளவேண்டும்.

"தள்ளறதுக்குமா ஆயுதம் வேணும்?" என்று மாமியே மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். "கையை நான் பூஜையில வெக்கலையே!"

காலனியே வந்து தள்ளியது. மாமி ஒரு தள்ளு தள்ளியதில் வண்டி நாலடி பறந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். இரண்டாவது கியரில் கிளச்சை விட்டேன். ஜீப் குலுங்கியது, செருமியது, ஒரு கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு உயிர் வந்து ஓட ஆரம்பித்தது. பத்ரி தம்பூராவோடு ஓடிவந்து பின்னால் தாவினான்.

"நிறுத்தாதேடா! நின்னா போச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

வழியில் மெட்டுகுடாவில் வெயில் வேலையைக் காட்டியது. சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் போகாது, விக்கும். விக்க ஆரம்பித்தது. வண்டியை ஓரம் கட்டினேன், ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க முடியாது. பத்ரி தம்பூராவை விட முடியாது. ஜலஜா குதித்தாள். பத்ரியின் அங்கவஸ்திரத்தை உருவி, கூஜாத் தண்ணீரில் நனைத்து, பானெட்டைத் தூக்கி பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற ஓர் அம்மா, "பட்டுக் கட்டிக்கிட்டு ஜீப்பைக் குளிப்பாட்டுதாகளே, என்ன விசேசம்?" என்று கேட்டாள்.

"சரஸ்வதி பூஜை!" என்று ஜலஜா சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

டாங்க் பண்ட் ஏரிக்கரைச் சாலையில் பறந்தோம். ஹுசைன் சாகர் மீன்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஸ்டேஷன் வாசலில் நான் நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருக்க, இருவரும் தம்பூராவோடு உள்ளே ஓடினார்கள். திரும்பிப் பார்த்து ஜலஜா, "இன்ஜினை அணைச்சுடாதேங்கோ! திரும்பிப் போகணும்!" என்றாள்.

எதிரே பான் கடை. அதில் ரேடியோ. இரண்டு கிழவர்கள் பெஞ்சில். ஜீப்பை உருட்டி அதன் பக்கமாகக் கொண்டுபோனேன். அறிவிப்பாளர் ஏதோ சொன்னார், ஜலஜாவின் பெயர் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ரேடியோவில் கேட்டதெல்லாம் கர், கர், கர். என் வண்டியின் பொறிதான். பெஞ்சில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

"கைக்கு சாப், ஏன் இப்படி?" என்று பான் கடைக்காரர் கையில் சுண்ணாம்போடு எழுந்து வந்தார். "காடி பந்த் கரோ நா, வண்டியை அணைங்க! யாரோ அம்மா பாடறாங்க, ஒண்ணும் கேக்கலை!"

அணைத்தால் கிளம்பாது. தள்ள மாமி இல்லை. தசராத் தெருவில் இவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கரகரப்புக்கு நடுவில் ஒரு இழை, ஒரே ஒரு இழை, மேலே ஏறி நின்றது.

சாவியைத் திருப்பினேன்.

ஜீப் இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு அடங்கியது. ரேடியோ துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. கல்யாணமாகி எட்டு வருஷம். இந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்து பேஷ் போட்டிருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? கடைக்காரர் சுண்ணாம்பு விரலை அந்தரத்தில் நிறுத்தியபடி, "வாஹ்!" என்றார். நான் பேஷ் சொல்லவில்லை. சொன்னால் அந்த நேரம் ஒரு சங்கதி காதில் விழாமல் போய்விடும்.

ஜலஜா வெளியே வந்தபோது முகம் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. தந்தி ஒன்றும் அறுந்திருக்கவில்லை. கூட வயலின்காரரும் மிருதங்கக்காரரும் வந்தார்கள். ஜீப்பைப் பார்த்து ஜலஜா நின்றுவிட்டாள்.

"ஐயோ, நின்னுடுத்தா?"

"நிக்கலை. நிறுத்தினேன்."

"ஏன்? அவ்வளவு சொல்லிட்டுப் போனேனே!"

"ரேடியோ கரகரத்தது."

அவள் வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்தாள். "முழுக்கக் கேட்டேளா?"

"முதல் அரை நிமிஷம் போச்சு. மீதி ஒண்ணையும் விடலை."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். பத்ரி, வயலின், மிருதங்கம், சுண்ணாம்புக் கையோடு பான் கடைக்காரர் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மிருதங்கக்காரர் 'தகதிமி' சொல்லித் தள்ளியதில் மூன்றாவது ஆவர்த்தனத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஓடி வந்து பக்கத்தில் ஏறினாள் ஜலஜா. இடது காலால் லீவரை அழுத்திக்கொண்டாள். வழியெல்லாம் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். ஓர் அட்சரம் காதில் விழவில்லை. ஆனால் இந்தத் தடவை அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.