தூசுக்கோளின் வலது கை

எடுக்கப்படாத ஒரு தொடரைப் பற்றி நாற்பதாயிரம் பேர் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை, என் மைத்துனன் மட்டும் இல்லாவிட்டால், நான் நம்பியிருக்க மாட்டேன்.

'தூசுக்கோள்' என்று ஒரு படக்கதை. முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. அதை நிஜ நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப் போகிறோம் என்று ஒரு நிறுவனம் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு சுவரொட்டி வெளியிட்டது. அதோடு சரி. ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் விடுவார்களா? விண்கலத்தின் கதவு மேலே திறக்குமா, பக்கவாட்டில் திறக்குமா என்று இரண்டு கோஷ்டி. விமானியின் சட்டை சாம்பலா நீலமா என்று சண்டை போட்டுக்கொண்டு, ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் இருந்தவர்களும் உண்டு. கழுதை வயதாகிறது ஒவ்வொருவனுக்கும்.

என் மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்தாறு. வீட்டில் சமையலறை பல்பை மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொள்பவன். ஆனால் இணையத்தில் இவர்கள் கூடிப் பேசும் குழுவில் அவனுக்கு 'கேப்டன்' என்று பட்டம்.

நான் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கும் பட்டறையில் செயற்கைக் கையும் காலும் செய்கிறவன். பத்தொன்பது வருடமாக இதே மேஜை. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் இந்த வருடம் அக்கா மகளுக்கே செய்ய வேண்டிவந்தது. பேக்கரியில் மாவு தேய்க்கும் இயந்திரம் அவளுடைய இடது கையை மணிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. வயது இருபத்திநான்கு. எட்டு மாதமாகத் தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் கைமேல் சால்வையைப் போட்டு மூடிக்கொண்டுதான் போவாள். வேறெங்கும் போவதில்லை. பேக்கரி முதலாளி நல்ல மனிதர். அவளுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். ஆனால் அவரும் எவ்வளவு நாள் பார்ப்பார்? வருகிற திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கை நன்றாக வந்திருந்தது. அலுமினிய விரல்கள். தோளில் ஒரு வார், அதிலிருந்து ஒரு கம்பி. தோளை முன்னால் தள்ளினால் கம்பி இழுத்து விரல்கள் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். இதற்கு மேல் தோல் நிறத்தில் ஒரு உறை. அவள் தோல் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்று மூன்று வாரம் சாயம் கலந்தேன். கலக்கிக் கலக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். "போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதும்மா" என்று அவளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்க வந்த மைத்துனன், சாப்பிட என் பட்டறைக்கு வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல் தன் மூஞ்சியைத் தானே ஒரு படம் பிடித்துக் குழுவில் போட்டான். அவனுக்குப் பின்னால் மேஜையில் உறை போடாத அந்தக் கை இருந்தது. அவன் போனில் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி விழும். ஆகவே இடது கை வலது கையாகிவிட்டது. தூசுக்கோள் கதையின் விமானிக்கு வலது கை உலோகக் கை. அவ்வளவுதான், நாற்பதாயிரம் பேருக்கும் தலைகால் புரியவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தை ஆராய்ந்தார்கள். சுவரில் 'இங்கு புகைபிடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கும் தாளும் படத்தில் திரும்பித்தான் விழுந்திருந்தது. எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதே, படம் திரும்பியிருக்குமோ என்று ஒரு ஜென்மத்துக்காவது தோன்ற வேண்டுமே! அது தூசுக்கோள்வாசிகளின் எழுத்து என்று முடிவு செய்தார்கள். ரசாயன ஆசிரியர் ஒருவர் அதற்கு எழுத்து அட்டவணையே தயாரித்துவிட்டார். ஆக, படப்பிடிப்பு ரகசியமாகத் தொடங்கிவிட்டது, என் பட்டறைதான் விண்கலம்.

"உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா" என்றேன்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே அத்தான். எதுவும் சொல்ல முடியாத நிலைமைன்னு மட்டும் போட்டேன்."

சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு பூரிப்பு. பெற்ற பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா மகள் கையைப் பழகிப் பார்க்க வந்தாள். முட்டையை உடையாமல் எடுத்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும், அதுதான் பரீட்சை. மூன்று முட்டை உடைந்தது. நான்காவதை வைத்துவிட்டாள். எட்டு மாதத்தில் அன்றுதான் அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். வாசலில் நின்று அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பாவியை நான் பார்க்கவில்லை.

அதுவும் குழுவுக்குப் போயிற்று; இதில் கை இடது பக்கம் இருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை, அவள் நடிகையாகிவிட்டாள். "விமானிக்கு இவ்ளோ குட்டையான பொண்ணா?" என்று ஒருவன். "முட்டை எடுக்கிற இடத்துல நடிப்பு சுமார்தான்" என்று இன்னொருவன். இவனுக்கு வீட்டில் முட்டை உரிக்கத் தெரியுமோ தெரியாதோ. எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான் ஒருவன். "நிஜக் கையை எங்க மறைச்சிருக்காங்க? சட்டைக்குள்ள மடிச்சிருக்கணும். முழங்கைகிட்ட பாருங்க, வீங்கித் தெரியுது" என்று எழுதி, அவள் முழங்கையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். அதற்கு ஆயிரத்து இருநூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

பேக்கரியில் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி அதை அவளுக்கே அனுப்பிவைத்தாள். அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"கையைக் கழட்டிப் பெட்டியில வெச்சுட்டாடா. திங்கட்கிழமை போக மாட்டாளாம். ஊரே என் கையைத்தான் பார்க்குதுன்னு அழறா. நீ செஞ்ச கையால வந்த வினைடா இது."

எனக்கு ரத்தம் கொதித்தது. மைத்துனனை வரவழைத்து, என் எதிரிலேயே உட்காரவைத்து உண்மையை எழுதச் சொன்னேன். வீடியோவையும் அழிக்கச் சொன்னேன். இது தொடர் இல்லை, என் உறவுக்காரப் பெண், விபத்தில் கை போய்விட்டது என்று எழுதினான். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை அழித்து அழித்து எழுதினான். பட்டம் போகிறதே என்ற கவலை, வேறென்ன.

கால்மணி நேரத்தில் பதில்கள் வந்து விழுந்தன. "மறுக்கச் சொல்லி மிரட்டியிருக்காங்க. பாவம் கேப்டன்." "மறுத்துட்டாங்கன்னா உறுதிதான்." கடைசியாக ஒருவன், "கை இல்லாத பொண்ணுன்னு கதை கட்டி அனுதாபம் தேடுறாங்க. ரசனை கெட்ட விளம்பரம்" என்று எழுதியிருந்தான். அவன் மட்டும் நேரில் கிடைத்திருந்தால் எனக்கு ஒரு வாடிக்கையாளர் கூடியிருப்பார்.

சனிக்கிழமை காலையில் அக்கா மகள் பெட்டியோடு வந்தாள். சால்வை கைமேல் இருந்தது.

"மாமா, இதைத் திருப்பி வாங்கிக்கோங்க. வேற யாருக்காவது உதவும்."

"அளவெடுத்துச் செஞ்சதும்மா. வேற யாருக்கும் சேராது."

"அப்போ இங்கேயே கிடக்கட்டும்."

நான் மேற்கொண்டு பேசுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். வழி சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம். ஒருவர் அந்த ரசாயன ஆசிரியர். இன்னொருவர் கழுத்தில் வங்கி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். மூன்றாமவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தொப்பை மேல் சாம்பல் நிற விமானிச் சட்டை, தோளில் மூன்று நட்சத்திரம். அவராகவே தைத்துக்கொண்டதாம்.

"நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம் சார். செட்டை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறோம்" என்றார் விமானிச் சட்டை.

ஆசிரியர் அதற்குள் சுவரில் இருந்த தாளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். படித்தார். முகம் செத்துப்போயிற்று.

"புகைபிடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றார் மெதுவாக.

"வெளியே போறீங்களா, ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று நான் கத்தினேன். அக்கா மகள் என் தோளைத் தொட்டு நிறுத்தினாள். விமானிச் சட்டைக்காரரின் எதிரே போய் நின்றாள்.

"கையை எங்க மறைச்சிருக்கேன்னுதானே உங்களுக்குத் தெரியணும்?"

சால்வையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். கையில்லாத மணிக்கட்டை என் மேஜைமேல், விளக்கு வெளிச்சத்தில் நீட்டி வைத்தாள். தையல் தழும்புகள் இன்னும் சிவந்துதான் இருந்தன. எட்டு மாதத்தில் அவள் என்னையும் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் அதைக் காட்டியதில்லை. பெற்ற தாய்க்கே காட்டியதில்லை.

மூன்று பேரும் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் தலையைக் குனிவார்கள் என்று நினைத்தேன். மனிதப் பிறவி என்றால் அதுதானே செய்யும்? விமானிச் சட்டைக்காரர் தழும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... தொடர் எடுக்கலையா?" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தொடருக்காகத்தான் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற வங்கிக்காரர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "வாங்க சார், போகலாம். ஏமாத்திட்டாங்க" என்றார். மூன்று பேரும் இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல வெளியே போனார்கள்.

அக்கா மகள் அழப்போகிறாள் என்று பயந்து திரும்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர.

"இவங்களுக்கா மாமா நான் எட்டு மாசம் பயந்து செத்தேன்? கிட்ட நின்னு பார்க்கிறான், அப்பவும் அவனுக்குத் தெரிய வேண்டியது தொடர்தான்!"

பெட்டியைத் திறந்தாள். வாரைத் தோளில் மாட்டினாள், ஒற்றைக் கையாலேயே கொக்கியைப் போட்டுக்கொண்டாள். தோளை முன்னால் தள்ளினாள். அலுமினிய விரல்கள் பளிச்சென்று விரிந்தன. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து, சந்தோஷமாக அவளிடம் நீட்டினேன்.

"அது வேண்டாம் மாமா."

"இதைப் போட்டாத்தான் யாருக்கும்..."

"தெரியாது. தெரியும், பத்துத் தடவை சொல்லியிருக்கீங்க." சிரிப்பு நின்றுவிட்டது. "அவங்க நிஜக் கையை எங்க மறைச்சேன்னு கேட்டாங்க. நீங்க இந்தக் கையை மறைன்னு சொல்றீங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீங்க சொல்லச் சொல்லத்தான் மாமா, தெரிஞ்சா ஏதோ அவமானம் போலன்னு எனக்குத் தோணிச்சு. மூணு வாரம் கலர் கலந்தீங்களே, உனக்கு இது வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாற்பதாயிரம் பேரைத் திட்டத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

"விரலுக்குள்ள மாவு போயிடும்மா" என்று மட்டும் முணுமுணுத்தேன்.

"அங்க எல்லாரும் ரப்பர் உறை போட்டுத்தான் மாவு பிசையறாங்க. நானும் போட்டுக்கறேன்."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். நாற்காலியில் போட்ட சால்வையை எடுத்துப் போக மறந்துவிட்டாள், அதற்கப்புறம் கேட்கவும் இல்லை. மைத்துனன் குழுவில் இப்போது பேக்கரிதான் விண்கலமாம், ஏதோ ஒரு பைத்தியம் கண்டுபிடித்திருக்கிறது. அவர்கள் எக்கேடோ கெட்டுப் போகட்டும். என் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறை கண்ணில் படுகிறது. நிறம் அச்சு அசலாக அவள் தோல் நிறம்தான், அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. உடனே மூடிவிடுகிறேன்.