கழற்றிய டிரான்ஸ்பார்மர்

மலை மேல் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, ஏலக்காய் மூட்டைகளோடு ஜீப்பில் இறங்கி வந்தது அந்தப் பழைய வால்வு ஆம்ப். கிட்டார் சத்தத்தைப் பெருக்குவதற்கென்றே செய்த சின்னப் பெட்டி, ஐந்து வாட்ஸ். பழைய இரும்பு விலைக்கு வாங்கிவிட்டேன். போடியில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிற இந்த ஸ்டான்லிக்கு இதைவிட வேறென்ன யோகம் வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் கிட்டார் வாசிப்பதை என்னாலேயே அதுவரை சகிக்க முடியவில்லை.

கெட்டுப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். எர்த் இல்லாத வயரை எடுத்துவிட்டு மூன்று பின் வயர் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாமே! பெரிய வால்வு போடும் ஆசையில், நன்றாக இருந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு மதுரையில் புதிதாக ஒன்று சுற்றித் தரச் சொல்லி வாங்கினேன். அடுத்தது ஸ்பீக்கர். அதற்குக் கையில் காசில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தேவாரத்து விவசாயி ராக்கையா அண்ணன் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மேசையில் கிடந்த பழைய டிரான்ஸ்பார்மரைப் புரட்டிப் பார்த்தார்.

"இது எம்புட்டுக் குடுக்கும் தம்பி?"

"முன்னூத்தம்பது வோல்ட்டுண்ணே. தொட்டா விடாது."

"சோளத்தப் பன்னி அழிக்குது. வேலிக்கு நேரா லைன் குடுத்தா பிரேக்கர் விழுந்துருது. இது வழியாக் குடுத்தா விழாதுல்ல?"

"விழாது."

அப்படி வேலி போடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆளைக் கொல்லும் என்பதும் தெரியும். "விடிஞ்சதும் அமத்திருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டு, அவர் கொடுத்த பணத்தில் அன்றைக்கே ஸ்பீக்கருக்குச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை சுவிட்சை அமர்த்த மறந்து, அவர் முதல் பஸ்சில் போடி சந்தைக்கு வந்துவிட்டார். வழக்கம்போல அமர்த்தியிருப்பார் என்று நம்பிப் புல் அறுக்கப் போன அவர் மனைவி கருத்தம்மாள், வேலிக் கம்பியில் கை வைத்துவிட்டாள்.

போலீசிடம் என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

ஜாமீனில் வந்தவர் நேராக என் கடைக்குத்தான் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒன்னைய நான் ஒண்ணும் சொல்ல வரல தம்பி. நீ வெவரம் தெரிஞ்சவன், சொல்லு. தொட்டதும் போயிருப்பாளா? இல்ல, கொஞ்ச நேரம் கெடந்து தவிச்சிருப்பாளா?"

அதே டிரான்ஸ்பார்மர் ஒருமுறை என்னையும் பிடித்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கியதால் பிழைத்தேன். கை விடவில்லை, கத்த வாய் வரவில்லை, ஆனால் நடப்பதெல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது.

"தொட்டதும் போயிருப்பாங்கண்ணே. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றார்.