ஆள் அனுப்புவாங்க

செபஸ்தியன் சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணாந்து பார்த்தான். கூரைத் தகட்டிலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவன் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

“ஒழுகுதே.”

“நீங்க போன தரம் வந்தப்பவே ஒழுகுச்சு,” என்றாள் கெத்தரின்.

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“யாருகிட்டங்க சொல்றது? நம்ம வீடுதானே.”

அவன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

குவைத்தில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்த காசுதான் உக்குவளையில் இந்த வீடாக நிற்கிறது. கண்டி ரோட்டு ஓரத்துப் புது வீடுகளின் விலையைக் கேட்டுவிட்டு, வாங்கிய தேத்தண்ணி ஆறும் முன்பே திரும்பி வந்தவள் கெத்தரின். சம்பளச் சீட்டு இல்லாதவளுக்கு வங்கியும் கடன் தரவில்லை. ரயில் பாதைக்கு அப்பால் கேட்டும் இல்லாமல், சமையலறைக்குத் தரையும் போடாமல் பாதியில் கிடந்ததால்தான் இது அவள் கைக்கு எட்டியது. குடியிருந்துகொண்டே மிச்சத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். இருவருமாகக் குடியிருந்துகொண்டு.

ஆனால் செபஸ்தியன் எல்கடுவயில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்துவிட்டான். தேயிலை ஃபேக்டரியில் வேலை. வேலையை விட்டால் லயத்து ஒற்றை அறையான காம்பராவும் போய்விடும்.

“கேட்டைப் போடு, வந்துர்றேன்,” என்றான் முதலில். கேட் வந்தது. பிறகு சமையலறைத் தரை என்றான். சீமெந்து விற்ற விலையில் அதையும் போட்டாள். அப்புறம் குளியலறைக் கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளி மாதிரி வருவான், சாப்பிடுவான், எதையாவது தட்டிப் பார்ப்பான், பின்னேர பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவான். ஒரே ஒரு நாள்தான் இரவு தங்கினான். விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தான்.

இன்று சாப்பிட்டதும் சந்திக்குப் போனவன், முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தான்.

“சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“ஹுஸ்னிகிட்ட. அவன்தானே வீட்டைப் பேசிக் குடுத்தான். வெவரமா சொல்லியிருக்கேன், ஆள் அனுப்புவாங்க. கூரை மட்டும் சரியாகட்டும், அடுத்த ஞாயிறே பெட்டியோட வந்துர்றேன்.”

பெட்டியோட என்று அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. கெத்தரின் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அங்கே தகரம் பிய்ந்தால் தோட்டத்து ஆபீஸில் சொல்வார்கள். தச்சன் மறுநாளும் வரலாம், மறு மழைக்கும் வரலாம். ஆனால் சொல்ல ஓர் இடம் உண்டு. அந்தப் பழக்கத்தில் அவளும் காத்திருந்தாள். மழை பெய்தது. ஒரு பேசின் வைத்தாள், பிறகு இன்னொன்று வைத்தாள். ஆள் வரவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் முடிந்ததும் ஹுஸ்னியின் ஹாட்வெயார் கடைக்குப் போனாள்.

ஹுஸ்னி சிரித்துவிட்டான். “அண்ணன் சொன்னாருதான் அக்கா. நானும் தலையாட்டினேன். வேற என்ன செய்ய? வீட்டைப் பேசி முடிச்சதோட என் வேலை முடிஞ்சிச்சு. நான் ஆருக்கு ஆள் அனுப்ப?”

“அப்போ யாருகிட்ட தம்பி சொல்றது?”

“கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்க. அந்த வீட்டுக்கு இப்ப தொரை நீங்கதான்.”

“தொரை வீட்டுல ஒழுகினா பேசினையா வைப்பாங்க?”

“கூரை வேலை செய்ற பாஸ் ஒருத்தரைக் கூப்பிட்டா நாள் கூலி கேப்பாரு. இது அவ்வளவு பெரிய வேலையில்ல.” ஒரு டப்பாவிலிருந்து கறுப்பு ரப்பர் வளையங்களை எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டினான். “தகடு பூட்டின ஆணிக்கு அடியில இது வெடிச்சிருக்கும். மாத்திட்டு சுத்தி இந்தப் பசையைப் பூசுங்க. தகட்டுல கால் வைக்காதீங்க, படக்குனு போயிரும். பலகை போட்டு அது மேல நடங்க. ஏணி நம்மகிட்ட இருக்கு, அனுப்புறன்.”

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. கெத்தரின் பாவாடையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் உயரமான மதில்கள், மூடிய ஜன்னல்கள். லயமாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் கீழே கூடியிருப்பார்கள். “பாத்துடி, இடுப்பை ஒடிச்சிக்காத,” என்று அடுத்த காம்பரா அழகம்மா ஊரைக் கூட்டியிருப்பாள். இங்கே ஒரு பெண்பிள்ளை கூரையில் தவழ்ந்தாள். அதைப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

உளுத்துப்போன ரப்பரைச் சுரண்டியபோது தூசி பறந்தது. தும்மினாள். தும்மிவிட்டு, வழக்கம்போல ஒரு நொடி நின்றாள்.

லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே தும்மினால் அங்கே அழகம்மா, யார் எவர் என்று பார்க்காமல், “நூறு!” என்பாள். நூறு வயசு இருக்கட்டும் என்று அர்த்தம்.

கெத்தரின் அடுத்த ஆணியைக் கழற்றினாள்.

சனிக்கிழமை அந்தியில் மழை கொட்டியது. தரை காய்ந்தே கிடந்தது. அவள் பேசின்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தபோது போன் அடித்தது.

“ஆள் வந்தானா?”

“யாரும் வரல. நான்தான் ஏறினேன்.”

“நீயா? விழுந்து தொலைச்சிருந்தா?”

“விழல. இப்ப கொட்டுது, ஒரு சொட்டு இல்ல. நாளைக்கு பெட்டியோட வாங்க.”

 அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு பிள்ளை பாடம் படித்தது.

“பின் செவுத்துல ஓதம் ஏறியிருக்குல்ல,” என்றான் கடைசியில். “அது காயட்டுமே.”

“செவுறு காஞ்சிரும். அப்புறம் என்ன சொல்வீங்க? நிசத்தைச் சொல்லுங்க.”

“அன்னிக்கித் தங்கினேனே கெத்தரின், ஒரு இருமல்கூடக் கேக்கல. நடுவுல முழிச்சிட்டு, செத்துத்தான் போயிட்டேன்னு நெனச்சேன்.”

“எனக்கும்தான் கேக்கல.”

“அப்போ நீ இங்க வந்துரு.”

“பூட்டிப் போட்டா வீடு கெட்டுப்போயிரும்.” அது உண்மைதான். இன்னொன்றும் உண்மை. இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுச் சமையலறை மூலையில் படுத்தவள் அவள். இந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வராது. “நான் வரமாட்டேங்க. நீங்களும் வரமாட்டீங்க.”



“எப்பவும்போல ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வர்றேன்,” என்றான்.

“வாங்க. இப்ப போனை வச்சிராதீங்க. அப்படியே தூக்கி நடுச் செவுத்து மேல வைங்க.”

“எதுக்கு?”

“வைங்களேன். நான் ஆக்கி முடிக்கிற வரைக்கும்.”

ஏதோ நகரும் சத்தம் கேட்டது. பிறகு லயம் முழுவதும் வந்தது. தகரத்தில் மழை, யாரோ பாத்திரம் தேய்ப்பது, கறியில் உப்பில்லை என்ற புருஷனை அழகம்மா வறுத்தெடுப்பது. கெத்தரின் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு எண்ணெயில் செத்தல் மிளகாயைப் போட்டாள். நெடி ஏறி, பலமாகத் தும்மினாள்.

“நூறு!” என்றது அலமாரி. உடனே, “அட, கெத்தரின் தும்மல்ல இது! ஏ புள்ள, எப்ப வந்த?”

கெத்தரின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பதான்க்கா,” என்றாள். அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைத்தாள்.