எண்பது மூத்த பிள்ளைகள்

காரிமங்கலத்துப் பயணியர் பங்களாவில் சாப்பாட்டு மேசை ஒன்றுதான் இருந்தது. 1974 பங்குனியில் அதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு மூலையில், மதராஸிலிருந்து பிள்ளைகளின் பற்களைப் பார்க்க வந்திருந்த டாக்டர் தெரசா. இன்னொரு மூலையில், தாலுகா முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதிக்கும் முனியப்பன். மீதி இடம் சென்றாயனுடையது. அவர் பழைய நடுகற்களின் எழுத்தைக் காகிதத்தில் ஒற்றியெடுக்கும் சரித்திரக்காரர். ஈரக் காகிதம், மசிக் கிண்ணம், பல் வரைந்த படிவங்கள், புட்டிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சாம்பார் வந்தால் எதை நகர்த்துவது என்று தினமும் ஒரு சண்டை.

மூன்று பேருக்கும் கூடமாட வேலை செய்தவள் ஷரீபுன்னிசா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், இருபத்திரண்டு வயது. காரிமங்கலத்திலிருந்து மூன்று மைல் தள்ளி ஊத்தனஹள்ளியில் வீடு. சம்பளம் கொடுத்தது டாக்டரம்மா. மற்ற இருவரும் அவளைச் சும்மா கடன் வாங்கிக்கொண்டார்கள்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி ஊத்தனஹள்ளியில்தான் நடந்தது. அங்கே தெரு இரண்டு, கிணறும் இரண்டு. மேட்டுத் தெருவுக்குப் பாறையைக் குடைந்து வெட்டிய ஆழமான பாறைக் கிணறு. ஏரித் தெருவுக்கு ஏரிக்கரையில் ஆழமில்லாத ஏரிக் கிணறு. பாறைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அளவுக்கு மீறி இருப்பதாக முனியப்பன் சொல்லிவிட்டார். அவருடைய சிவப்புச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஏரித் தண்ணீரில் அது சிவப்பாகவே நிற்கும். பாறைத் தண்ணீரில் வெளுத்து மஞ்சளாகும். ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரித்தார்கள். பருப்பு பூவாய் வெந்து மலரும் தண்ணீரைப் போய் யாராவது கெட்டது என்பார்களா?

அந்த உப்புதான் பிள்ளைகளின் பல்லைக் காவியாக்குகிறதா, பெரியவர்களின் எலும்பை இறுக்குகிறதா என்று தெரிய வேண்டும். டாக்டரம்மா தெருவுக்கு நாற்பது வீடு எடுத்தார். வீட்டுக்கு ஒரு பிள்ளை. எந்தப் பிள்ளை என்று குழப்பம் வரக்கூடாதென்று, மூத்த பிள்ளை என்று வைத்துக்கொண்டார். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எண்பது பிள்ளைகள். ஷரீபுன்னிசா டார்ச் பிடிக்க, டாக்டரம்மா வாய் பார்த்தார்.

புதன்கிழமை மத்தியானம் கூட்டிப் பார்த்தார்கள். பாறைக் கிணற்றுத் தெருவில் நாற்பதில் இருபத்திரண்டு காவிப் பல். ஏரிக் கிணற்றுத் தெருவில் பதினேழு.

"பெரிய வித்தியாசம் இல்லையே," என்றார் டாக்டரம்மா. இன்னொரு தடவை கூட்டினார். அதே கணக்கு. "தண்ணியால இல்லன்னுதான் எழுதணும். சனிக்கிழமை கிளம்பறேன்."

ஷரீபுன்னிசா கூட்டின தாளை வாங்கிப் பார்த்தாள். வறட்சி நிவாரணத்தில் புதுக் கிணறு தோண்டும் ஊர்களின் பட்டியல் ஒன்றியத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. பாறைக் கிணறு கெட்டது என்று டாக்டரம்மா எழுதினால் ஊத்தனஹள்ளி பட்டியலில் ஏறும். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். அவள் வீடு மேட்டுத் தெருவில். அப்பா கவுஸ் பாஷா சந்தையில் மிளகாய், புளி விற்பவர். நாற்பத்தாறு வயதிலேயே கழுத்து திரும்பாது. பின்னால் யாராவது கூப்பிட்டால், வண்டியைத் திருப்புகிற மாதிரி ஆளே திரும்புவார். தொழுகையில் குனிய முடியாமல் உட்கார்ந்துதான் தொழுகிறார். தங்கை பரிதாவுக்கு எட்டு வயது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

"அப்பாவோட கழுத்து, டாக்டரம்மா?"

"உங்கப்பா ஒரு ஆள், ஷரீபு. ஒரு ஆளை வெச்சு நான் எதையும் எழுத முடியாது."

வியாழக்கிழமை அவள் சென்றாயனோடு ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே வில்லேந்திய வீரன் செதுக்கிய கல் ஒன்று இருந்தது. பெண்கள் அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சென்றாயன் கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டத் தொடங்கினார். வாய் மட்டும் புலம்பிக்கொண்டே இருந்தது.

"இந்த ஏரிக்கரையில சண்டை நடந்துச்சு, இவன் இங்க செத்தான்னு எழுதிக்கிட்டுப் போயிருப்பேன். நல்ல வேளை, கேட்டேன். இருபது வருஷம் முன்னால யாரோ துணி தொவைக்கத் தோதா இருக்குதுன்னு நாலு மைல்லேந்து மாட்டு வண்டியில ஏத்தியாந்தாங்களாம்! கல்லு நிக்கற எடத்தைப் பாத்து எழுதறவன் முட்டாப்பய. எங்கேந்து வந்துச்சுன்னு மொதல்ல கேக்கணும்."

"என்னய்யா, எங்க கல்லையா திட்டறீங்க?" என்று ஒருத்தி சோப்பு நுரையோடு கேட்டாள்.

"உங்களைத்தாம்மா திட்டறேன்."

ஷரீபுன்னிசா மசிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்கும் பரிதாவுக்கும் ஒரே வீடு, ஒரே பாறைக் கிணறு. ஆனால் அவள் பல் வெள்ளை. ஏனென்றால் அவள் இண்டூரில், அம்மாவின் பிறந்த வீட்டில் ஆறு வயது வரை வளர்ந்தவள். தலைப்பிள்ளை. இந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்று, பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வரை அங்கேயே விட்டுவைப்பார்கள். இந்து வீடு, பாய் வீடு என்றில்லை, எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். யாரும் அதைச் சொல்லிக் காட்டமாட்டார்கள், அரிசியைக் களைந்துதான் உலையில் போட்டேன் என்று யாரும் சொல்லாத மாதிரி. டாக்டரம்மாவின் படிவத்தில் பிள்ளை இப்போது குடியிருக்கும் தெரு மட்டுமே இருந்தது. அதிலும் வீட்டுக்கு வீடு தேடிப் பிடித்து, மூத்த பிள்ளையையே எடுத்திருந்தார்கள்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மூன்று மைலும் ஓட்டமும் நடையுமாகப் பங்களாவுக்குப் போனாள்.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். முன் பல்லின் எனாமல் அஞ்சு வயதுக்குள் உருவாகிவிடும், அதற்குப் பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் மாறாது என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார்.

"உன் யோசனை சரியா இருக்கலாம். ஆனா நீ போய்க் கேக்கக்கூடாது. எந்தப் புள்ளைக்குக் காவிப் பல்லுன்னு உனக்குத் தெரியும். உனக்குப் புதுக் கிணறும் வேணும். உன்னை அறியாமலே உனக்குத் தோதா கேப்பே. நானும் கேக்கக்கூடாது."

"அப்ப யாருங்க கேக்கறது?"

அதற்குள் திரும்பி வந்துவிட்ட சென்றாயன், மேசையின் அந்தப் பக்கம் காகிதத்தை உலர்த்திக்கொண்டிருந்தார். இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றார் அவர். "எனக்குப் பல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"அதனாலதான்," என்றார் டாக்டரம்மா.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சென்றாயன் வீடு வீடாகப் போனார். கேட்பது ஒரே கேள்வி: மூத்த பிள்ளை அஞ்சு வயது வரைக்கும் எந்த ஊரில் வளர்ந்தது? அந்நிய ஆண் தனியாகப் போய்ப் பெண்களிடம் பேச முடியாது என்பதால் ஷரீபுன்னிசா கூடப் போனாள். வாயைத் திறக்கக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. மேட்டுத் தெரு ஒழுங்காக நடந்தது.

ஏரித் தெருவில் முதல் வீடு செல்லியுடையது. அவள் மகன் தீர்த்தகிரிக்கு முன் பல் நான்கும் துருப்பிடித்த தகரம் மாதிரி இருக்கும். கல்லனஹள்ளியில், செல்லியின் தாய்வீட்டில் அவன் வளர்ந்தது ஷரீபுன்னிசாவுக்கு நன்றாகத் தெரியும். அவனை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"எந்த ஊருலயா? ஏங்க, பெத்த புள்ளைய வேற ஊருலயா வுட்டு வளத்துவாங்க?" என்றாள் செல்லி, ஷரீபுன்னிசாவை நேராகப் பார்த்தபடி. "இங்கதான். இந்த வூட்டுலதான்."

சென்றாயன் எழுதிக்கொண்டார். ஷரீபுன்னிசா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டிலும் "இங்கதான்." அதற்கடுத்த வீட்டிலும். சேதி கொல்லைப்புறமாக அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் டாக்டரம்மா கூட்டினார். முனியப்பன் தன் நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும், இங்கேயே வளர்ந்ததென்றால் தெருவுக்கும், தண்ணீர் நல்லதா கெட்டதா என்று மட்டும் சொன்னார். கெட்ட தண்ணீர் ஊரில் வளர்ந்தவர்கள் இருபத்தெட்டு. அதில் இருபத்துநாலு காவி. நல்ல தண்ணீர் ஊரில் வளர்ந்தவர்கள் ஐம்பத்திரண்டு; அதில் பதினைந்து காவி.

"பாதிக் கிணறு தாண்டிட்டோம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா நல்ல தண்ணி குடிச்ச பதினஞ்சு புள்ளைங்களுக்கு எப்படிக் காவி வந்துதுன்னு கேப்பாங்க. எங்கிட்ட பதில் இல்ல."

ஷரீபுன்னிசா நேரே ஏரிக் கிணற்றுக்குப் போனாள். செல்லி ராட்டினத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் செல்லிக்கா பொய் சொன்ன?"

"ஆமாடி, சொன்னேன். எங்க ஆத்தா வூட்டுத் தண்ணி வெசம்னு காயிதத்துல எழுதிட்டுப் போவீங்க. எந்தங்கச்சி பாஞ்சாலிக்கு ஆவணியில கண்ணாலம். அந்த ஊருப் பொண்ணே வேணாம்னு எழுந்து போயிட்டாங்கன்னா, நீ வந்து தாலி வாங்கித் தருவியா?"

"ஊர்ப் பேரு காயிதத்துல வராதுக்கா. நம்பருதான்."

"நம்பருன்னா மட்டும் பரவால்லியா? எங்க ஆத்தா வூட்டுக்கு நான் நம்பரு போடணுமா?" செல்லி குடத்தை டங்கென்று வைத்தாள். "பல்லு காவியா இருந்தா சோறு உள்ள எறங்காதா? போடி."

ஷரீபுன்னிசாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சரியான வார்த்தையும் வந்தது.

"பாஞ்சாலி தலைப்புள்ளைய எங்கக்கா பெத்துப்பா? புருசன் வூட்டுலயா?"

குடத்தைத் தூக்கக் குனிந்த செல்லி நிமிர்ந்தாள்.

"உங்க ஆத்தா வூட்டுலதான. அஞ்சு வருசம் அங்கதான வளரும். எந்தக் கிணத்துத் தண்ணிய ஊத்துவீங்க? தீர்த்தகிரிக்கு ஊத்துன அதே கிணத்துதான? இப்ப மறைச்சுட்டு, அப்ப அந்தப் புள்ள வாயைப் பாத்து அழுவியா?"

செல்லி கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள். "வாய் நீளந்தான்டி உனக்கு," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் செல்லி பங்களாவுக்கு வந்து இறங்கினாள். கூட ஏரித் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர். சென்றாயன் மசிக் கையோடு எழுந்து நின்றார்.

"என்னாங்க ஐயா, காலையில சொன்னது தப்பு. எழுதிக்கங்க. கல்லனஹள்ளி. பேரைச் சத்தமாச் சொல்லாதீங்க."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி கையோடு தன் தாய்வீட்டுப் பெருமையையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள்: எட்டு ஏர் மாடு, அதையும் போடுங்க.

டாக்டரம்மா ஷரீபுன்னிசாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "நீ சொல்லிக்கொடுத்து வந்தாங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "போய்ப் பேசுனேன், டாக்டரம்மா. பாஞ்சாலிக்குப் புள்ள பொறந்தா எந்தத் தண்ணி குடிக்கும்னு கேட்டேன். என்னா சொல்லணும்னு சொல்லித்தரலை."

டாக்டரம்மா தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தார். "அப்படின்னா ரெண்டு கணக்கையும் எழுதணும். முதல்ல சொன்னது, திருத்திச் சொன்னது. நடுவுல நீ போய்ப் பேசினதையும் எழுதணும். படிக்கறவங்க நம்பறாங்களா இல்லையான்னு அவங்க பாத்துக்கட்டும்."

"அதனால கிணறு போயிருமா?"

"தெரியாது. மறைச்சு எழுதினா கட்டாயம் போயிடும், இன்னைக்கு இல்லேன்னாலும் என்னைக்காவது."

திருத்திய கணக்கில், கெட்ட தண்ணீர் ஊரில் வளர்ந்த நாற்பத்தொரு பிள்ளைகளில் முப்பத்தேழு பேருக்குக் காவி. நல்ல தண்ணீர் ஊரில் வளர்ந்த முப்பத்தொன்பது பேரில் இரண்டே இரண்டு. முனியப்பன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என் நோட்டை யாரும் இவ்வளவு அக்கறையாப் படிச்சதில்ல," என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் டாக்டரம்மா ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதினார். பாறைக் கிணறு குடிக்க ஆகாது என்று முதல் வரியிலேயே போட்டார். ஷரீபுன்னிசா நகல் எடுத்தாள். எடுத்து முடித்த பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்:

"புதுத் தண்ணி குடிச்சா அப்பாவுக்குக் கழுத்து திரும்புமா?"

"திரும்பாது, ஷரீபு. இறுகினது இறுகினதுதான். இதுக்கு மேல மோசமாகறது குறையலாம், அவ்வளவுதான். பரிதா பல்லும் இப்படித்தான் இருக்கும்."

சனிக்கிழமை டாக்டரம்மாவின் ஜீப் கிளம்பியது. ஒன்றியம் பட்டியலில் பெயரை ஏற்றி, துளை போடும் லாரி வந்து சேர எத்தனை மாதம் ஆகுமோ. வீட்டில் அம்மாவுக்குச் சின்னக் குழந்தை ஒன்று இருந்தது, ஒன்றரை வயது. ஷரீபுன்னிசா இரண்டு குடம் எடுத்துக்கொண்டு ஏரிக் கிணற்றுக்கு நடந்தாள். அரை மைல். மேட்டுத் தெருப் பெண்கள் யாரும் அங்கே தண்ணீர் எடுத்ததில்லை. கோடையில் அந்தக் கிணறு தன் தெருவுக்கே போதாது. அவள் வருவதைப் பார்த்ததும் கிணற்றடிப் பெண்கள் தங்கள் குடங்களை நெருக்கி வைத்தார்கள்.

"எங்க ஊரைக் கெட்ட ஊராக்கிட்டு எங்க கெணத்துக்கே வராளா?" என்றாள் ஒருத்தி.

செல்லி கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு கொடமா? ஒரு கொடந்தான்டி எடுக்கணும், இங்கயும் தண்ணி கம்மி. அதுவும் வரிசையில நின்னு. நம்பரு போட்டவளாச்சேன்னு முன்னாடி வுட மாட்டோம்."

ஷரீபுன்னிசா ஒரு குடத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டு, மற்றதை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.