மீசைத் தாத்தாவின் இரண்டு வீடுகள்

பெரியப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர் எழுந்து போய் எடுப்பார். அந்தக் குரலில் அவர் சலிக்காமல் சொல்லிவந்த கதை, போரில் உயிரைவிட்ட தன் தாத்தாவின் கதை. கூடத்துச் சுவரில் முறுக்கு மீசையோடு படமாக இருக்கும் அந்தத் தாத்தா மார்பில் குண்டு வாங்கியவர். பெரியப்பா மகளின் கல்யாணத்தில் மூன்று குண்டுகள். பேரன் பிறந்தபோது ஐந்து.

"இன்னும் ரெண்டு விசேஷம் வந்தா அந்த மனுஷன் நெஞ்சுல இடமே இருக்காது," என்பாள் பெரியம்மா.

தெருவுக்குத் தாத்தா பெயரை வைக்கச் சொல்லிப் பெரியப்பா நகராட்சியில் மனுக் கொடுக்கப்போக, எங்கே, எப்படி இறந்தார் என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். அதுதான் அவருக்கும் தெரியாது. விசாரித்து வரும் பொறுப்பைத் தம்பி மகள் தலையில் கட்டினார். அவள் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துவதால் ஊருக்கே அவள் பிரேக் அக்கா.

பிரேக் அக்கா படத்தைக் கழற்றிக்கொண்டு முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் போனாள். சங்கச் செயலாளர் படத்தைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதே மீசையைப் போன மாசம் ஒருத்தர் கொண்டுவந்தாரே! பக்கத்து ஊர்ல மெத்தைக் கடை வச்சிருக்கார். தன் தாத்தான்னு சொன்னார்."

அவளுக்குச் சுருக்கென்றது. எவனோ படத்தை நகலெடுத்துச் சுட்டுவிட்டான் என்று முடிவுகட்டி, காரை நேரே மெத்தைக் கடைக்கு விட்டாள்.

கடையில் அடுக்கிய மெத்தைகளுக்கு மேலே, சுவரில், அதே மீசை. கீழே நின்றிருந்த கடைக்காரனுக்கு அவளைவிட வயது குறைவு.

"எங்க கொள்ளுத்தாத்தா படத்தை எதுக்குங்க மாட்டி வச்சிருக்கீங்க?"

"உங்க கொள்ளுத்தாத்தாவா? அம்மா, அவர் எங்க அப்பாவைப் பெத்தவர்!"

ஆளுக்கொரு படத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதில், மெத்தை வாங்க வந்தவர்கள் மெத்தையை மறந்தார்கள். மூலையில் பஞ்சு மெத்தையில் படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்தார். கடைக்காரனின் அப்பா.

"கத்தாதீங்க. அவருக்கு ரெண்டு வீடு. உங்க வீடு மூத்தது. எங்கம்மாவைப் பட்டாளத்துக்குப் போன ஊர்ல கட்டிக்கிட்டார். நான் வயித்துல இருக்கறப்பவே போருக்குப் போயிட்டார்."

கடைக்காரன்தான் முதலில் கணக்குப் போட்டான்.

"அப்ப நான் உங்களுக்குச் சித்தப்பா முறை வேணும்."

"உனக்கு என் தம்பி வயசுதான்டா இருக்கும்!"

"இருக்கட்டும். மரியாதை மரியாதைதான்."

அவள் கிழவர் பக்கம் திரும்பினாள். "அவர் எப்படி இறந்தார் தாத்தா? எத்தனை குண்டு?"

"குண்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஒரே உதை. கோவேறு கழுதை."

மலைப்பாதையில் சுமை ஏற்றிப்போகும் கழுதைகளை ஓட்டிப்போவதுதான் அவர் வேலையாம். காயம்பட்டவர்களுக்கு மருந்துப்பெட்டி சுமந்த கழுதை ஓடைக்கு நடுவில் நின்றுவிட்டது. குண்டு விழுகிறது, விட்டுட்டு வா என்று மற்றவர்கள் கத்தினார்கள். இவர் மட்டும் திரும்பிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளினார். உதைத்த கழுதை நிற்காமல் ஓடி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது, பெட்டியோடு. அந்த மருந்தில் பிழைத்த ஒருவர் பின்னாளில் தேடிவந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கிழவரின் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது, இரண்டாவது வீட்டைப் பெரியப்பா தாங்கிக்கொண்டார். கழுதையைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அவர் குரல் வெளியே கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

"எங்க அப்பாகிட்டயாவது யாராவது சொல்லியிருக்கலாமே," என்றார் ஒருவழியாக. அப்புறம், "கழுதை கழுதைன்னு சொல்லாதம்மா. கோவேறுன்னு சேர்த்துச் சொல்லு. கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"அந்த மருந்து போய்ச் சேர்ந்துச்சே பெரியப்பா. யாருமே போகாத எடத்துக்கு அவர் போனாரே."

அவர் கொஞ்சநேரம் மீசையைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார். "வண்டியை எடு."

மெத்தைக் கடையில் பெரியப்பாவும் கிழவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முறைப்படி கிழவர் பெரியப்பாவுக்குச் சித்தப்பா. பெரியப்பா குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிழவர்தான் மெதுவாகக் கேட்டார். "நான் அவரைப் பார்த்ததே இல்ல. செத்த கதைதான் எனக்குத் தெரியும். உங்கப்பா அவர்கூட இருந்திருக்காரே. ஆள் எப்படி? எப்படிப் பேசுவார்? எப்படிச் சிரிப்பார்?"

பெரியப்பாவிடம் வாழ்நாளில் யாரும் இதைக் கேட்டதில்லை. யோசித்தார்.

"எங்கப்பா ஒருதரம் சிரிச்சுக் காட்டியிருக்கார். திடீர்னு மூக்கால இழுத்து, அப்புறம் ஒரே கனைப்பாம். இப்படி..."

ரயில் நிலையக் குரல் முழுவதையும் சேர்த்து அவர் கனைத்தார். காட்சிக்கு வைத்த மெத்தையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் துள்ளி எழுந்தார். தெருவில் ஒரு சைக்கிள் சாய்ந்தது.

கிழவர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஓடையில அந்த நேரம் பார்த்துச் சிரிச்சிருப்பார். அந்தக் கழுதை வேற எதுக்கு மிரண்டு உதைக்கப் போகுது?"

சொல்லிவிட்டு, மூக்கால் இழுத்து அவரும் கனைத்தார். சிரிப்பு கடைக்காரனையும் தொற்றிக்கொண்டது. பிரேக் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா!" என்று கத்தினாள். யாரும் கேட்கவில்லை.