பத்திரகாளியின் போர்மேன்

அம்மாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் நழுவியது. வேலுத்தாய் அதை அவிழ்த்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"விடு தாயி. பத்திரகாளி வாயி என்னைக்கு மூடியிருக்கு, இன்னைக்கு மூட?" என்றாள் பஞ்சம்மாள். சொன்னவளே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நாரணாபுரத்துத் தீப்பெட்டிக் கம்பெனியில் அம்மாவோடு குச்சி அடுக்கிய பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பதினொரு வருஷம் அவர்களைச் சிரிக்க வைத்தவள் அம்மா. எழுந்து ஆடமாட்டாள், பாடமாட்டாள். கை குச்சியை அடுக்கிக்கொண்டே இருக்கும். கழுத்துக்கு மேலேதான் எல்லாம். அவர்களை வேலை வாங்கும் போர்மேன் சீனிவாசகம் ஏசுவதை அவள் ஒருநாளும் செய்துகாட்டியதில்லை. ஏசுவதற்கு முன்னால், சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, தண்ணீர் குடிக்கும் கோழி மாதிரிக் கழுத்தை நீட்டி, ஒரு நொடி முழிப்பாரே, அதை மட்டும் செய்வாள். அவரும் பயந்தவர்தான் என்பது அந்த ஒரு நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் புரண்டு சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். சோறு கொண்டுபோகும் நாட்களில் வேலுத்தாய் அதைக் கவனித்திருக்கிறாள்.

மாசியில் அம்மா நோயில் படுத்தபோது ஏழாம் வகுப்போடு நின்றவள் வேலுத்தாய். ஆனியில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக ஞானபூரணி டீச்சர் சொல்லியிருந்தார். ஆனி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.

"போர்மேன் வந்திருக்காக" என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

சீனிவாசகம் மாலையோடு உள்ளே வந்தார். குனிந்து பேனாவைப் பார்த்தார். கழுத்தை நீட்டினார். முழித்தார்.

அச்சு அசல் பத்திரகாளி.

சண்முகத்தாய்தான் முதலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பஞ்சம்மாள் முகத்தை மூடிக் குலுங்கினாள். பிறகு வீடு முழுக்கக் குனிந்த தலைகள், குலுங்கும் தோள்கள், கண்ணீர். வேலுத்தாய்க்கும் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

"அம்புட்டுப் பாசமா வச்சிருந்தீக?" போர்மேனின் குரல் உடைந்தது. வேலுத்தாயின் தாய்மாமன் சங்கிலிமுத்துவிடம் திரும்பினார். "பத்திரகாளி எடத்துல வேற ஆளப் போட எனக்கு மனசு வரலப்பா. புள்ளைய அனுப்பி வையி. திங்கக்கெழம வரட்டும்."

தொண்டையில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றது.

"மாமா, டீச்சர் ஆனியில..."

"பள்ளிக்கூடத்துச் சோறு ஒனக்கு மட்டுந்தானத்தா? ஒந் தங்கச்சிக்கு யாரு கஞ்சி ஊத்துறது?" என்றார் மாமா மெதுவாக. பிறகு போர்மேனைக் கும்பிட்டார். "அனுப்புறேன்யா. ஒங்களுக்குப் பெரிய மனசு."

போர்மேன் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. "நாம சிரிச்சதாலதான்டி..." என்று தொடங்கிய சண்முகத்தாய் முந்தானையை மறுபடியும் வாயில் திணித்துக்கொண்டாள்.

கம்பெனியில் உட்காரும் வரிசையிலேயே அவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சம்மாளுக்கும் சண்முகத்தாய்க்கும் நடுவே ஓராள் இடம் காலியாகக் கிடந்தது. வேலுத்தாய் நின்றுகொண்டே இருந்தாள். வெளியே பாடைக்கு மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது.

பஞ்சம்மாள் அந்தத் தரையை முந்தானையால் துடைத்தாள்.

"எம்புட்டு நேரந்தான் நிப்ப?"

வேலுத்தாய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் முழங்கால்கள் இடித்தன.