மூன்றாம் படுக்கைக்காரர் சந்தித்தவர்கள்

காலை பத்தேகாலுக்கு அபாய மணி அலறியது. நோய்க் கண்காணிப்பு அறையில் இருந்த எல்லோரும் சுவர்த் திரையை நிமிர்ந்து பார்த்தார்கள். வரைபடத்தில் ஒரு வீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்திருந்தது.

"புடிச்சிடுச்சு" என்றார் அதிகாரி, நாலு நாள் தாடியைச் சொறிந்தபடி.

நகரத்தில் வாந்திபேதி. நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில். ஒவ்வொருவரையும் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே போனில் அழைத்து, யாரைச் சந்தித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று தேனொழுகக் கேட்கும். பதில்களைக் கோத்து நோய் கிளம்பிய இடத்தைச் சொல்லும். இப்போது சொன்ன இடம், ஒரு குழந்தைகள் காப்பகம். நோயாளிகளில் ஆறு பேர் அங்கே குழந்தையை விடுகிறவர்கள். ஊரின் மறுகோடியில் குடியிருக்கும் மூன்றாம் படுக்கைக்காரரும் போன ஞாயிறு அங்கே போயிருக்கிறார். அதைத் தன் வீட்டிலேயே நடத்துகிறவள் அவருடைய தங்கை. முடிச்சு விழுந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் காப்பகத்தைப் பூட்டி, முப்பது குடும்பங்களை வீட்டுக்குள் அடைக்க வேண்டும். அதற்கு விசாரணைக்காரியின் கையெழுத்து வேண்டும். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் ஆபீசில் அவளுக்குத் துருவி என்றே பெயர்.

துருவி முதலில் தங்கைக்குப் போன் போட்டாள்.

"எங்கண்ணனா? என் வாசப்படி மிதிச்சு நாலு வருஷமாச்சு. செத்தேனா இருக்கேனான்னு ஒரு போன் கெடையாது. இப்ப வியாதியை மட்டும் என் பேர்ல எழுதி வச்சிட்டாரா?"

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "கடையை மூடப்போறோம்னா யாரும் இதைத்தாம்மா சொல்வாங்க. கையெழுத்தைப் போடு."

துருவி பேனாவைத் திறந்தாள். அண்ணன் இயந்திரத்திடம் சொன்ன பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள். ஞாயிறு தங்கை வீடு, நாலு மணி முதல் ஆறு. செவ்வாய் பழைய நண்பர், ஐந்து முதல் ஏழு. வியாழன் பக்கத்து வீட்டுக்காரர், நாலு முதல் ஆறு. எல்லாம் மணியடித்தாற்போல் இரண்டிரண்டு மணி நேரம். யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை. யாரும் பேச்சு சுவாரஸ்யத்தில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

அவள் பேனாவை மூடினாள். "நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார்."

"இங்க ஒவ்வொரு நிமிஷமும் ஒருத்தன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஓடறான். உனக்கு ஊர் சுத்தணுமா?"

அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. மூன்றாம் படுக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குளுகோஸ் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தார். வேலை, வீட்டிலிருந்தே சினிமாக்களுக்கு சப்டைட்டில் எழுதுவது. மற்ற கட்டில்களின் அருகில் ஏதாவதொரு பை, செருப்பு, போர்வை இருந்தது. இவர் கட்டிலருகே ஒன்றும் இல்லை.

துருவி முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஞாயித்துக்கெழம தங்கச்சி வீட்ல என்ன பேசினீங்க?"

"பொதுவா... குடும்ப விஷயம்."

"அவங்க வாசக்கதவு என்ன கலர்?"

அவர் மறுபடியும் குளுகோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"உங்களத் திட்ட வரலீங்க. பன்னெண்டு மணிக்கு உங்க தங்கச்சி காப்பகத்தைப் பூட்டி, முப்பது குடும்பத்தை வீட்டுக்குள்ள அடைக்கப்போறாங்க. அது தப்பான எடம்னா, நெஜமான எடத்துலேருந்து இன்னும் பத்துப் பேர் இங்க வருவாங்க."

"முதல்ல யாரையும் பாக்கலன்னுதான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "அந்தக் குரல் விடல. 'ஒருவர்கூட இல்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள்'னு அன்பாக் கேட்டுச்சு. மூணு தடவை. நாலாவது தடவை மானம் போயிடுச்சும்மா. நாள் பூரா அடுத்தவன் பேசறத எழுதறவன், எனக்கு வசனமா வராது?"

"பக்கத்து வீட்டுக்காரர்?"

"பேர் தெரியும். லெட்டர் பெட்டியில ஒட்டியிருக்கு."

"சாப்பாடு?"

"நானே சமைப்பேன். அரிசி பருப்பெல்லாம் மாசத்துக்கு ஒரு தரம்தான் வாங்கறது. வாரா வாரம் வாசல்ல வர்றது தண்ணி கேன் ஒண்ணுதான். கேன்காரர் பெல்லடிப்பார், நான் கதவத் தெறக்கறதுக்குள்ள லிஃப்ட்ல எறங்கியிருப்பார்."

துருவி எழுந்தாள்.

"இன்னும் கொஞ்சம் உக்காரலாமே" என்றார். உடனே தானே சிரித்துக்கொண்டார். "போங்க, போங்க. முப்பது குடும்பம் காத்திருக்கு."

அவள் கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தார்.

பதினொன்று ஐம்பதுக்குத் துருவி அவருடைய பட்டியலில் இருந்த எல்லாப் பெயரையும் அழித்தாள். 'சந்தித்தவர்கள்' என்ற இடத்தில் 'ஒருவரும் இல்லை' என்று அடித்தாள். 'வீட்டுக்கு வந்த பொருள்' என்ற இடத்தில் தண்ணீர் கேனையும் அது நிரப்பப்பட்ட ஆலையையும் சேர்த்தாள். யாரையுமே பார்க்காத ஒரு நோயாளி. அவரிடம் நோய் எந்த மனிதர் வழியாகவும் போயிருக்க முடியாது.

இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. காப்பகத்தின் மேலிருந்த வட்டம் மறைந்தது. நோயாளிகளில், அந்த ஆறு குடும்பங்கள் உட்பட, முப்பத்தேழு பேருடைய வீடுகளுக்கு அந்த ஒரே ஆலையிலிருந்து கேன் போயிருந்தது. ஆலையின் மேல் சிவப்பு விழுந்தது.

அதிகாரி இரண்டு போன்களில் ஒரே சமயத்தில் கத்தினார். கேன் லாரிகள் நின்றன. ஆலையிலிருந்து தண்ணீர் சோதனைக்குக் கிளம்பியது. முதல் பரிசோதனையிலேயே கிருமி தெரிந்தது என்று இரண்டு மணிக்குத் தகவல் வந்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டி அறை ஓய்ந்தபோது அதிகாரி அவள் மேஜைக்கு வந்தார். கையில் ஊழியர்களின் வாராந்திரப் படிவங்கள். நோயாளிகளைக் கேட்கிற அதே கேள்விகளுக்குத் திங்கட்கிழமைதோறும் இவர்களும் பதில் எழுத வேண்டும். வாரம் தவறாமல் மூன்று தோழிகளைச் சந்தித்துவிடுகிற துருவியை அவர் கேலி செய்யாத திங்கட்கிழமை இல்லை.

"மிஷினே ஏமாந்துடுச்சு. தங்கச்சி சொல்லியும் நான் நம்பல. பட்டியலப் பாத்த ஒடனே அது பொய்னு உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

துருவி அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"என் படிவத்துல இருக்கற மூணு பேரையும் அடிச்சிடுங்க சார்."